மலைநடையும் துவிச்சக்கரவண்டிக் கருவியும்

(சங்கத்தின் இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இம்மேடையில் முன்னர்ப் பேசியோர் திருமுறைகளைப் பற்றியும் நாயன்மாரைப் பற்றியும் பேசினர். நாம் பேச எடுத்துக்கொண்டதோ உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கருவியைப் பற்றி. இஃதென்ன பேச்சு என்று முகஞ் சுளிக்கும் பெரியவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். 2024ஆம் ஆண்டு நாம் எழுதிவைத்த ஓர் எண் பிழையாகப் போனதனால், இச்சங்கத்துத் தம்பியர் எழுவர் ஒரு மலைச்சரிவில் மழையிலும் இருளிலும் அகப்பட நேர்ந்தது. அதற்குக் கணக்கொப்புவிக்கும் கடமை எமக்குண்டு. அக்கணக்கே இவ்வுரை.

நாம் கொலன்னாவையில் பிறந்து வளர்ந்தோர். களனி கங்கை பெருகினால் வாசற்படிக்கு வள்ளம் வரும் தாழ்ந்த பூமி இது. நம் அயலில் மலை என்று சொல்லத்தக்கதாக இருந்தது மீதொட்டமுல்லைக் குப்பைமலை ஒன்றே. 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளன்று, அது சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதைப்பற்றி இதற்குமேற் பேச மனம் இடந்தரவில்லை. மரமும் நீரும் உள்ள மலையைக் காண விரும்பினால் நாம் கோட்டையிலே புகையிரதம் ஏறத்தான் வேண்டும்.

கருவி எம்மிடம் வந்த கதை சிறிது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய்த் தாங்கிகளின் நிழலிலே குடியிருந்துகொண்டு, பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். அப்பொழுதுதான் வீட்டின் பின்புறத்தே துருப்பிடித்துக் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் வெளியே வந்தன. எம்முள் ஒருவரின் உறவினர் கனடாவிலிருந்து வந்தபோது, வண்டியின் கைபிடியிற் பூட்டும் ஒரு ஜீ.பீ.எஸ். கருவியைப் பரிசாக விட்டுச் சென்றார். அதன் கொம்பனிப் பெயர் இங்கு வேண்டியதன்று. எல்லாக் கொம்பனிகளின் கருவிகளும் இவ்வகையில் ஒரே குணமுடையவைதாம். மலையேறுவோர் கையிற் கட்டும் மணிக்கூடுகள் தனியே உள. அவற்றின் விலை எம்மைப் போன்ற மாணவர்க்கு எட்டாது. ஆகவே, சக்கரத்திற்காகச் செய்யப்பட்டதைக் காலுக்குப் பயன்படுத்தலாம் என்று துணிந்தோம். துணிவில் தவறில்லை, அதைப் பழக்காமல் நம்பியதே தவறு.

கருவி செய்யும் வேலையை இரண்டு வார்த்தையிற் சொல்லிவிடலாம். பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் அமெரிக்கச் செய்மதிகள் ஓயாது நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் ஒலிபரப்பு எவ்வளவு தாமதித்து வந்து சேர்கின்றது என்பதைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகின்றது. ருஷ்யா, ஐரோப்பா, சீனா, இந்தியா ஆகியவற்றுக்கும் இத்தகைய செய்மதிகள் இன்று உள. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையை அமெரிக்கர் வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தனர். அக்காலத்தில் 100 மீற்றர் வரை பிழை வரும். அக்குழப்பம் நீக்கப்பட்ட பின்னர், திறந்த வெளியில் 5 மீற்றருக்குள் இடம் காட்டக்கூடிய நிலை உண்டாயிற்று. இத்துணை நுட்பமான கருவி பிழைக்குமோ என்று நாமும் இறுமாந்திருந்தோம்.

2024 பெப்ரவரியில் நாம் ஐவர் இரவுத் தபால் புகையிரதத்தில் ஏறி விடியற்காலை ஹப்புத்தளையில் இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை. ஸ்கொட்லாந்துக்காரரான தோமஸ் லிப்டன் 1890இற் கட்டியது அது. தொழிற்சாலையிலிருந்து லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்த இடமென வழங்கும் 'லிப்டன் சீட்' வரை தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் றோட்டு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். பத்து மணியானால் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதனால், றோட்டு வளையும் இடங்களிலெல்லாம் கொழுந்தெடுப்போர் ஏறிச்செல்லும் கற்படிக் குறுக்குவழிகளால் மூச்சிரைக்க ஏறினோம். உச்சியில் தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடந்த காட்சியை வருணிக்க நமக்கு வல்லமை இல்லை. அதன்பின் வந்த வழியே திரும்பாது, மறுபுறமாக வேறொரு தோட்டத்தின் லயங்களையும் சிறு கோயிலொன்றையும் கடந்து, ஒரு பாலத்தடியில் பஸ் றோட்டை அடைந்தோம். கருவி 13.2 கிலோமீற்றர் என்று காட்டியது. வீடு திரும்பியதும் சங்கத்தின் நடைக்குறிப்பேட்டில், "13.2 கி.மீ. எளிய நடை. நண்பகலிற் புறப்பட்டாலும் பொழுது சாயுமுன் இறங்கலாம்" என்று எழுதினோம். வழிக்கோட்டையும் கேட்டவர்களுக்கெல்லாம் கைத்தொலைபேசியில் அனுப்பினோம்.

அந்த ஏப்ரல் விடுமுறையில் தம்பியர் எழுவர் எமது குறிப்பை நம்பிப் புறப்பட்டனர். பஸ் தாமதமானதால் தொழிற்சாலையை அவர்கள் அடைந்தபொழுது நண்பகல். எமது எழுத்தைப் பார்த்து, நேரம் போதும் என்று நடந்தனர். மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர், நாம் முன்னே சொன்ன கோயிலடியில், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து நின்ற ஒரு தாயார் அவர்களைக் கண்டு, எங்கே போகின்றீர்கள் என்று கேட்டிருக்கிறார். பாலத்தடிக்கு என்றதும், "தம்பி, இன்னும் ரெண்டு கட்டை போகணுங்க. மழை வேற வருது. இப்பிடியே லயத்துப் பக்கம் நின்னுட்டு காலையில போங்க" என்றாராம்.

மைற்கல்லைக் கட்டை என்பதும், அதனால் ஒரு மைலை ஒரு கட்டை என்பதும் நம் நாட்டு வழக்கென்பது பெரியோருக்குத் தெரியும். இரண்டு கட்டை என்றால் 3.2 கிலோமீற்றர். தம்பியர் கைத்தொலைபேசியைப் பார்த்தனர். எமது கோடு 1.4 கிலோமீற்றர் என்றது. "இல்லை அம்மா, ஒரு கட்டைகூட இல்லை. இதிலே எழுதியிருக்கு" என்று அவருக்கே காட்டினார்களாம். அவர் சிரித்துவிட்டு, "எழுதியிருந்தாச் சரிதான்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாற்பது வருடம் அந்தப் பாதையில் கொழுந்து சுமந்த ஒருவரின் சொல்லை, ஒரேயொரு முறை நடந்த எமது கோடு தோற்கடித்தது. அத்துடன் நிற்கவில்லை. எமது கோடு கோயிலடியிலிருந்து பாலத்தை நோக்கி, பள்ளத்தாக்கின் குறுக்கே, அம்பு எய்தாற்போல நேராக ஓடிற்று. பாதையோ சரிவைச் சுற்றிக்கொண்டு போவது. கோட்டை விட்டு விலகுகின்றோம் என்று பயந்த தம்பியர், பாதையை விட்டுத் தேயிலைக்குள் நேரே இறங்கினர். மழை கொட்டியது. தேயிலைத் தோட்டத்திற் சரிவுக்குக் குறுக்கே கான்கள் வெட்டியிருப்பார்கள். புல் மூடிக் கிடக்கும். அவற்றுள் ஒன்றில் ஒரு தம்பியின் கால் இறங்கிக் கணுக்கால் புரண்டது. ஆறரை மணிக்கு இருள். அட்டை கடிக்கக் கடிக்க அங்கேயே உட்கார்ந்து கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் லயம் இருந்தது அவர்கள் முன்னோர் செய்த புண்ணியம். ரோச் லைற்றுடன் ஓடிவந்தவர்கள் கால் புரண்டவரைத் தோளிலே தூக்கிச் சென்று, தலை துவட்டி, இஞ்சி இடித்த தேநீர் கொடுத்து, இரவு தங்கவைத்து அனுப்பினார்கள். தூக்கியவர் அந்தத் தாயாரின் மகன். காசு கொடுக்க முயன்றபோது வாங்கவில்லை.

தம்பியர் எம்மீது கோபங் கொள்ளவில்லை. "அண்ணை, கோடு நேரே போச்சு, பாதை போகேல்லை" என்று மட்டுஞ் சொன்னார்கள். அது எம்மைக் கோபத்தினும் அதிகமாகச் சுட்டது.

ஆகவே கருவியை விசாரணைக்கு எடுத்தோம். நாம் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே எமது பூமிசாத்திர ஆசிரியர் சுவரிலே தொங்கிய ஓரங்குலத்துக்கு ஒரு மைல் படத்தைக் காட்டி, அளவுகோல் எதுவாயினும் முதலில் தெரிந்த நீளத்தில் வைத்துப் பார் என்பார். அதன்படி, கொழும்பில் ஓர் ஓட்டப் பாதைக்குச் சென்றோம். உள்வட்டம் ஒரு சுற்று 400 மீற்றர். பத்துச் சுற்று நடந்தால் 4,000. கருவியைக் காற்சட்டைப் பையிலிட்டு நடந்தபோது 4,230 காட்டியது. தோளின்மேற் பையின் பட்டியிற் கட்டி நடந்தபோது 4,050. உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும் என்பதும், மறைந்தால் புள்ளிகள் வழியின் இரு மருங்கும் தள்ளாடித் தூரத்தைக் கூட்டிவிடும் என்பதும் இதனால் விளங்கின. ஆனால் எமது மலைக் கணக்கோ கூடவில்லை, குறைந்தது. காரணம் வேறெங்கோ இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் இங்கே முன்வரிசையில் வீற்றிருக்கும் எமது பெரியவர் ஒருவர். எழுபது வயது கடந்தவர். நீங்கள் மட்டும் நடந்தால் போதுமோ என்று தாமும் இரண்டு சுற்று நடந்தார், கருவியைத் தோளிலே கட்டிக்கொண்டு, கைத்தடியுடன், தமக்கேயுரிய நிதானத்தில். 800 மீற்றர் நடந்து முடித்தார். கருவி 510 என்றது. நடுவிலே நடுவிலே அது கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. "தம்பி, நான் நடக்கேல்லை எண்டோ உது சொல்லுது?" என்றார்.

அதையேதான் சொல்லியது. வண்டிக் கருவியில் 'ஓட்டோ போஸ்' எனப்படும் தானியங்கி நிறுத்தம் ஒன்று உண்டு. வண்டியோட்டி சிவப்பு விளக்கில் நிற்கும்பொழுது நேரக்கணக்கும் தூரக்கணக்கும் நிற்கட்டும் என்று வைத்த வசதி. வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், ஆள் நின்றுவிட்டான் என்று கருவி முடிவு செய்துவிடும். துவிச்சக்கரவண்டி மணிக்கு 2 கிலோமீற்றரில் ஓடினால் விழுந்துவிடுமன்றோ? ஆகையால் வண்டிக்கு அந்த முடிவு பொருத்தம். கற்படியேறும் மனிதனின் வேகமோ அதுவேதான். குறுக்குவழிகளில் நாம் மூச்சிரைக்க ஏறிய வேளைகளிலெல்லாம், நாம் நின்றுகொண்டிருக்கின்றோம் என்று எண்ணிக் கருவி உறங்கியிருக்கின்றது. மலையில் எது கடினமோ அதையே எழுதாமல் விட்டிருக்கின்றது.

கோயிலடியில் நடந்தது இன்னும் மோசம். தூறலுக்குப் பயந்து கருவியை முதுகுப்பையின் அடியில், எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் இடையே செருகியிருந்தோம். மேலே இரும்பு, நடையோ வழுக்கும் படிகளில் ஆமை நடை. சமிக்ஞையும் மங்கி வேகமும் தாழ, அது உறங்கிவிட்டது. பாலத்தடியில் வெளியே எடுத்ததும் விழித்தது. உறங்கிய இடத்தையும் விழித்த இடத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிட்டது. அந்த நேர்கோட்டின் நீளந்தான் 1.4 கிலோமீற்றர். படத்திலே பார்த்தால் அது கோடுதான். மற்றக் கோட்டுக்கும் அதற்கும் நிறத்தில்கூட வேற்றுமை இல்லை. நாம் திரும்பிவந்த அன்றே அதைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் எந்தப் பாதையும் அப்படிப் போகாதென்று ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். நாம் பார்க்கவில்லை.

எனவே மலைக்குப் போகுமுன் முதல் வேலை அந்தத் தானியங்கி நிறுத்தத்தை அணைத்துவிடுவது. அணைத்தால் எதிர்ப்பிழை ஒன்று வரும்: தேநீர்க் கடையில் அரைமணி உட்கார்ந்தால் புள்ளி அங்குமிங்கும் துள்ளிச் சில நூறு மீற்றர்கூட நடந்ததாக எழுதிவிடும். ஆகவே நீண்டநேரம் தங்குமிடத்தில் கையாலே நிறுத்தி, எழும்பும்போது மறவாமற் தொடக்கவேண்டும். மறதிக்காரர் நிறுத்தாமலே விடுவது நன்று. கூடிய தூரத்தைப் பின்னர்க் கழித்துவிடலாம், விடுபட்ட வழியை மீட்க முடியாது. அடுத்தது 'ஸ்மார்ட் ரெக்கோடிங்' என்னும் சிக்கனப் பதிவு. திசையோ வேகமோ நன்றாக மாறினாலன்றிப் புள்ளியை எழுதாது. கொண்டையூசி வளைவுகளின் மூலை மழுங்கும். அதை விட்டு, ஒவ்வொரு செக்கனும் எழுதும் தெரிவை எடுக்கவேண்டும். சக்கரத்தின் வேகத்தை அறியும் உணரியுடன் உள்ள தொடர்பையும் துண்டித்துவிடுதல் நலம். பற்றரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் ஒரு பகல் தாராளமாக நிற்கும்.

உயரத்தின் கதை தனிக்கதை. எமக்கு மிகவும் இன்பந் தந்ததும் அதுவே.

நல்ல வண்டிக் கருவியினுள்ளே ஒரு சிறு பாரமானி உண்டு. மேலே போகப்போகக் காற்றின் அமுக்கம் குறையும். கடல்மட்டத்தருகே 8 மீற்றருக்கு ஒரு ஹெக்டோபஸ்கால். ஹப்புத்தளை மலைகளின் உயரத்தில் ஏறக்குறைய 10 மீற்றருக்கு ஒன்று. இக்கணக்கால் அது உயரத்தைச் சொல்லும். ஆனால் நாம் வாழும் வெப்ப வலயத்தில் காற்றுக்கும் கடலைப்போல ஏற்றவற்றம் உண்டென்பதைப் பலர் அறியார். மழையோ புயலோ இல்லாத நாளிலும், அமுக்கம் காலை 10 மணியளவில் உயர்ந்தும் மாலை 4 மணியளவில் தாழ்ந்தும் நிற்கும். இரவிலும் அவ்வாறே மறுமுறை. வேறுபாடு இரண்டு மூன்று ஹெக்டோபஸ்கால். ஐரோப்பாவில் இது பெரும்பாலும் புயல்களின் கலக்கத்துள் மறைந்துவிடும். நமக்கோ நாள்தோறும் தப்பாத நியதி. நாம் சோதித்தறிய ஹப்புத்தளையில் ஒரு நாள் முழுதும் கருவியை அறையின் ஜன்னற்படியில் வைத்தோம். காலை பத்திலிருந்து மாலை நான்குக்குள், இருந்த இடத்திலிருந்தே அது 24 மீற்றர் மலையேறியிருந்தது! ஆதலின் தெரிந்த உயரத்தில் அதைத் திருத்திக்கொண்டே நடக்கவேண்டும். இதற்கு நம் மலைநாட்டுப் புகையிரதப் பாதை வைத்திருக்கும் ஏற்பாடு அருமையானது. நிலையப் பெயர்ப்பலகைகளில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். பட்டிப்பொலைக்கும் ஓகியவுக்கும் இடையே பாதையின் உச்சியிலே 6,225 அடி என்று ஒரு பலகையும் நிற்கும். இறங்கும் நிலையத்தின் பலகைக்குக் கருவியைச் சரிசெய்து, திரும்பும்போது அதே பலகையடியில் மீண்டும் பார்த்தால், நாளின் பிழை எவ்வளவு என்பது கைமேற் தெரியும். இன்னொன்று: பாரமானிக்குக் காற்றுப்போகும் சிறு துவாரத்தில் மழைநீரோ வியர்வையோ அடைத்தால் உயரம் பேய்பிடித்தாற்போல ஆடும். நல்ல தண்ணீரில் அலசி உலரவிட வேண்டும். ஊசியால் குத்தலாகாது, நாம் குத்தினோம், மற்றவர்க்கு வேண்டாம்.

பாரமானி இல்லாக் கருவி செய்மதியிலிருந்தே உயரத்தை எடுக்கும். இங்கே நம் தீவுக்கென்றே ஒரு புதுமை உண்டு. எம்மில் ஒருவர் வெள்ளவத்தைக் கடற்கரையில் அலை காலை நனைக்க நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் ஒரு செயலியைத் திறந்தார். உயரம், மறை தொண்ணூற்றுச் சொச்சம் மீற்றர்! கடலுக்கடியில் நிற்பதாக. தொலைபேசி கெட்டுப்போயிற்று என்று அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அது கெடவில்லை. செய்மதிகள் ஒழுங்கான, துருவங்களிற் சற்றே தட்டையான ஒரு கற்பனைப் பூமியிலிருந்து உயரத்தை அளக்கின்றன. உண்மைப் பூமியின் ஈர்ப்பு எங்கும் ஒரே சீராக இல்லை. ஈர்ப்புக் குறைந்த இடத்திற் கடலே பள்ளமாகக் கிடக்கும். உலகத்திலேயே மிக ஆழமான அப்பள்ளம் நம் இலங்கைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில் உள்ளது. கற்பனைப் பூமியிலிருந்து ஏறக்குறைய 106 மீற்றர் கீழே. நாம் அப்பள்ளத்தின் விளிம்பிலே குடியிருக்கின்றோம். பெரும்பாலான கருவிகள் இதற்குரிய திருத்தத்தைத் தாமே செய்துகொள்ளும். திருத்தாத செயலியை நம்பினால் சிவனொளிபாதமலையும் 2,243 மீற்றரிலிருந்து ஒரு நூறு குட்டையாகிவிடும்.

மொத்த ஏற்றம் என்று கருவி காட்டும் எண்ணை மட்டும் நாம் இப்போது குறிப்பேட்டில் எழுதுவதில்லை. தோளோடு தோள் நடந்த இருவரின் கருவிகள் இரு எண் சொல்லும். எவ்வளவு சிறிய மேட்டை மேடு என்று கொள்வது என்பதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு கொள்கை. தொடங்கிய இடம், உச்சி, முடிந்த இடம் ஆகிய மூன்றின் உயரம் நமக்குப் போதும்.

பழைய ஓரங்குலப் படத்தின்மேல் எமது கோட்டை வரைந்து பார்த்தபோது மேலும் ஒரு திகைப்பு. கோடு முழுவதும் ஏறக்குறைய இருநூறு மீற்றர் பக்கவாட்டில் விலகி, றோட்டை விட்டுத் தேயிலைக்குள் ஓடிற்று. இம்முறை கருவியிற் குற்றமில்லை, படத்திலும் இல்லை. பழைய இலங்கைப் படங்கள் எவரெஸ்ட் என்பார் 1830இற் கணித்த பூமி வடிவத்தை அடித்தளமாகக் கொண்டவை; செய்மதிகள் கொண்டது வேறு அடித்தளம். இரண்டையும் பொருத்துங் கணக்கைச் செய்தால் கோடு வந்து றோட்டில் அமர்ந்துவிடும். 1800ஆம் ஆண்டு தொடங்கிய நம் நில அளவைத் திணைக்களத்தார் செய்மதி இல்லாத காலத்தில் காட்டையும் அட்டையையும் கடந்து இத்துணைச் செம்மையாக அளந்தது எங்ஙனம் என்று அன்றைக்கு நாம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அக்காலத்து அளவையாளரின் பாடு சாமானியமன்று. 1808இல் லாம்டன் என்ற துரை அரைத் தொன் நிறையுள்ள தம் கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறறுந்து கருவி மோதி நெளிந்துவிட்டது. அதனை வேறு நாட்டுக்கு அனுப்பாமல், அவரே கூடாரத்தைப் பூட்டிக்கொண்டிருந்து, பல வாரம் தட்டித் தட்டி நிமிர்த்தினாராம். நெளிந்த கருவியால் அளந்து எழுதிவிட்டு வேறூர் போயிருந்தால் யார் அறிவார்? நமக்கு நெளிந்தது ஒரு பொத்தான் மட்டுமே. அதையும் பாராமல் எழுதினோம்.

2025 பெப்ரவரியில் அதே வழியை மீண்டும் அளக்கச் சென்றோம். முன்னைய ஐவரும், கால் புரண்ட தம்பியும். கருவி தோளிலே, நிறுத்தம் அணைந்திருந்தது, ஹப்புத்தளைப் பலகையடியில் உயரம் திருத்தப்பட்டது. கோயிலடியை அடைந்ததும் அந்தத் தாயாரின் வீட்டைத் தேடிச் சென்று கைகூப்பினோம். நாம் யாரென்று சொன்னதும், "கோடு போட்ட தம்பிங்களா நீங்க?" என்றார். தலைகுனிந்தோம். அவர் மகனையும் எம்முடன் அனுப்பினார். கோயிலிலிருந்து பாலம் வரை பாதையைப் பற்றியபடியே நடந்தோம். இருமுறை அளந்தோம், இருமுறையும் 3.1 கிலோமீற்றர். இரண்டு கட்டை என்ற தாயாரின் வாக்கில் 100 மீற்றர்தான் வேறுபாடு. எமது பழைய எழுத்தில் 1,700 மீற்றர். முழு வழியும் 16.1. குறிப்பேட்டில் பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை; சிவப்பு மையால் குறுக்கே வெட்டி, காரணத்தையும் பக்கத்திலே எழுதி, புதிய பக்கத்தைத் தொடங்கினோம். முன்பு கோடு வாங்கியவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினோம். இருவரை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களை அறிந்தோர் இந்தச் சபையில் இருந்தால் தயவுசெய்து எமக்குச் சொல்லுங்கள்.

நடக்கும்போது அந்த மகன் சொன்ன செய்திகள் கருவிக்குள் வராதவை. இந்தத் திருப்பத்தில் முன்னொரு காலத்திற் பெரட்டுக்களம் இருந்தது, இந்தப் படிகளைத் தம் பாட்டனார் காலத்தார் கல்சுமந்து கட்டினர், இந்த ஊற்று பங்குனியிலும் வற்றாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பெக்கோ டிரெயில்' என்னும் நடைவழி 2023 முதல் வெளிநாட்டாரையும் உள்நாட்டாரையும் மலைக்கு அழைக்கின்றது. அதிலும் பெரும்பகுதி இவ்வாறான தோட்டப் பாதைகளே. ஆனால் ஒரு லயத்திலிருந்து மற்றொரு லயத்துக்கும், கோயிலுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் போகும் ஒற்றையடிப் பாதைகள் எந்தப் படத்திலும் இல்லை. இரு நூற்றாண்டு தேய்ந்த அவற்றை யாரும் எழுதவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. களனி பெருகி நம் கொலன்னாவை வீடுகள் மூழ்கிய அதே நாட்களில் மலையகம் சரிந்தது. பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் மண்ணுக்குள் போன உயிர்களை எண்ணியே நாட்டுக்குக் கண்ணீர் வற்றிற்று. மலைப் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. நாம் இங்கே சேறு வழித்துக்கொண்டிருந்தோம். அங்கே தொலைபேசி எடுபடவில்லை. மார்கழி நடுவில்தான் அவர் குரலைக் கேட்டோம். அம்மா நலம் என்றார். லயத்துக்குச் சேதமில்லை. கோயிலிலிருந்து பாலத்துக்குப் போகும் பாதைதான் நடுவிலே அடியோடு போய்விட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மேல்வழியாற் சுற்றிப் போகின்றார்கள். பாதையை மீண்டும் வெட்டித்தரக் கேட்டு விண்ணப்பம் எழுதுகின்றார்களாம். முன்னே வழி எங்கே போனது, எவ்வளவு நீளம் என்று காட்டச் சொல்கின்றார்களாம். "தம்பி, அன்னைக்கு நடந்து நடந்து எழுதினீங்களே, அது இருக்கா?"

இருந்தது. இரண்டும் இருந்தன, சிவப்பு மையால் வெட்டியதும் வெட்டாததும். முதற்கோடு மட்டும் எம்மிடம் இருந்திருந்தால், பாதையே இல்லாத பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு நேர்கோட்டை அவர் கையிற் கொடுத்திருப்போம். இரண்டாம் முறை அளந்ததைப் படத்தின்மேல் அச்சிட்டு, கோயிலும் பாலமும் ஊற்றும் குறித்து, 3.1 கிலோமீற்றர் என்று எழுதி, அளந்த தேதியையும் கருவியின் அமைப்பையும் கீழே குறித்து அனுப்பினோம். விண்ணப்பம் போயிருக்கின்றது. விடை வரவில்லை.

குறிப்பேடு வாசிகசாலை அலுமாரியின் இரண்டாந் தட்டில் உள்ளது. கருவியும் அதன் அருகிலேயே. எடுத்துப்போவோர் பெயரெழுதி எடுத்துச் செல்லலாம். வண்டிக்குப் பூட்டியவர்கள் திருப்பி வைக்கும்போது தானியங்கி நிறுத்தத்தை அணைத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். புதிய பக்கங்களில் தூரத்துக்கு இரண்டு கட்டங்கள் கோடிட்டிருக்கின்றோம். ஒன்று கருவி சொன்னது. மற்றது அவ்வூரார் சொன்னது. இரண்டாவது கட்டத்தை நடக்கத் தொடங்குமுன் கேட்டு நிரப்பவேண்டும்.